முதலில் தண்ணீருக்கு வழி: மலையகத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகம் கட்டப்படும் முறை

பல்கலைக்கழகத்துக்குப் புதிய விடுதி வரப்போகிறது என்ற செய்தி கிடைத்ததும் நம் மனத்தில் எழும் காட்சி கொங்கிரீட் தூண்களும் சாரமும் தலைக்கவசம் அணிந்த பொறியியலாளரும்தான். ஆனால் தூண் எழும்பும் கட்டம் ஒரு திட்டத்தின் ஆயுளில் வெகு பின்னால் வருகிறது. எங்கே கட்டுவது, யாருக்காகக் கட்டுவது, எந்த மாதத்தில் மண்ணில் கை வைப்பது, பணம் எந்த வரிசையில் வந்து சேரும், மழைநீர் எந்த வழியாக இறங்கும் என்பன போன்ற கேள்விகளுக்கு அதற்கு முன்னரே விடை கிடைத்திருக்க வேண்டும். இந்த முடிவுகளை உரிய நேரத்தில் உரியவர்களைக் கொண்டு எடுக்கவைத்து, அவற்றை எழுத்தில் பதிந்து, கட்டடம் கைக்கு வரும்வரை காப்பாற்றும் வேலையே கட்டுமானத் திட்ட முகாமைத்துவம். மலைச்சரிவில் அந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் தண்ணீருக்கு வழி, அடுத்து லொறிக்கு வழி, அதன் பிறகே கட்டடம். இந்த வரிசை பிறழ்ந்த திட்டத்தை எவ்வளவு பணம் கொட்டினாலும் நேராக்குவது கடினம்.

வளாகம் என்பது ஒரு தடவை கட்டி முடிக்கப்படும் பொருளல்ல என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். பேராதனையை எடுத்துக்கொள்வோம். 1942 இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலேயே இயங்கத் தொடங்கி, பத்து ஆண்டுகள் கழித்து 1952 இல்தான் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. 1954 இல் முறைப்படியான திறப்பு விழா நடந்தது. பொறியியல் பீடம் 1964 இல், மகாவலியின் மறுகரைக்கு வந்து சேர்ந்தது. பட்ரிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் வகுத்த தள அமைப்பையும், ஷெர்லி டி அல்விஸ் வரைந்த கட்டடங்களையும் இன்றும் அந்த வளாகத்தில் இனங்கண்டுகொள்ள முடிகிறது. ஹந்தானை மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே எது திறந்தவெளியாக இருக்க வேண்டும், எங்கே வீதி ஓட வேண்டும் என்பது முன்கூட்டியே யோசிக்கப்பட்டதால்தான், பின்னால் வந்தவர்கள் அதோடு சேர்த்துக் கட்ட முடிந்தது. 2005 இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையின் சரிவுகளில் வளர்கிறது. அங்கும் இன்று எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவும் அடுத்த தலைமுறையின் நிலைமையைத் தீர்மானிக்கும். ஆகவே எந்தத் தனிக் கட்டடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னரும் முழு வளாகத்துக்குமான பெருந்திட்ட வரைபடத்தை மேசையில் விரிப்பது முதற்கடமையாகும். அந்த வரைபடம் இல்லாத வளாகத்தில், நிதி கிடைத்த ஆண்டில் கண்ணில் பட்ட வெற்றிடத்தில் எல்லாம் கட்டடம் முளைக்கும்.

யார் யார்?

ஒரு திட்டத்தில் மூன்று தரப்புகள் உள்ளன. கட்டடத்தைக் கேட்டு அதற்குப் பணம் செலுத்துபவர் உரிமையாளர். இங்கே அது பல்கலைக்கழகம். வடிவமைத்து மேற்பார்வை செய்பவர்கள் ஆலோசகர்கள்: கட்டடக்கலைஞர், கட்டமைப்புப் பொறியியலாளர், மின்சாரம் மற்றும் நீர் வழங்கல் பொறியியலாளர்கள், வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் கணிய அளவையாளர். கட்டிக் கொடுப்பவர் ஒப்பந்தகாரர். உபவேந்தர், பதிவாளர், நிதியாளர், பீடாதிபதிகள், வேலைப்பகுதிப் பொறியியலாளர் ஆகியோர் எல்லாரும் உரிமையாளர் தரப்பில் அமர்ந்திருப்பதால், ஆலோசகருக்கு ஒரே நாளில் மூன்று பேரிடமிருந்து மூன்று விதமான அறிவுறுத்தல்கள் போய்ச்சேரும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. இதைத் தடுக்க, உரிமையாளர் சார்பில் பேசும் அதிகாரம் கொண்ட ஒரேயொரு திட்ட முகாமையாளரை எழுத்து மூலம் நியமித்து, அவர் கையொப்பமில்லாத எந்த மாற்றமும் வேலைத்தளத்துக்குப் போகக் கூடாது என்று விதித்துவிட வேண்டும். பல்கலைக்கழகங்கள் மிகவும் தயங்குவது இந்த நியமனத்துக்குத்தான். ஒரு திட்டத்தின் தலைவிதி பெரும்பாலும் இந்த ஒரு கடிதத்தில் தங்கியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நிலம் பேசுவதைக் கேட்பது

சமதரையில் கட்டுபவருக்கு நிலம் ஒரு மேடை. சரிவில் கட்டுபவருக்கு அது தினமும் கவனிக்க வேண்டிய ஒரு தரப்பு. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் எழுப்புவதற்கு முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் மதிப்பீட்டு அறிக்கையைப் பெற வேண்டும். அந்த அறிக்கை, நிலம் எந்த அபாய வலயத்தில் இருக்கிறது என்பதோடு, எந்த நிபந்தனைகளின் கீழ் கட்டலாம் என்பதையும் கூறும்: சரிவை எவ்வளவு உயரத்துக்கு வெட்டலாம், மேற்பரப்பு நீரை எங்கே திருப்ப வேண்டும், எந்தப் பகுதியைத் தொடவே கூடாது. அந்த நிபந்தனைகள் ஒப்பந்த ஆவணத்துக்குள் தனித்தனி வேலைகளாகவும் விலைகளாகவும் நுழையவில்லையென்றால், அறிக்கை கோப்பிலேயே உறங்கிவிடும். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் குடியிருப்புகளை மண் மூடியது. அந்த இடத்தைப் பற்றி 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் செய்த அழிவையும் நாம் அறிவோம். எச்சரிக்கையைப் பெறுவது ஒரு வேலை. அதை நிறைவேற்றுவது வேறொரு வேலை. திட்ட முகாமைத்துவம் பொறுப்பேற்பது இந்த இரண்டாவதற்கு.

துளையிட்டு மண் பரிசோதனை செய்வது அவசியம். ஆனால் நான்கு துளைகள் நான்கு புள்ளிகளைப் பற்றி மட்டுமே சொல்லும். மலையக வளாக நிலங்களுள் பல ஒரு காலத்தில் தேயிலை மலைகளாக இருந்தவை. அங்கே தண்ணீர் ஓடக் கான் வெட்டி, தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டி வாழ்ந்த மூத்த தொழிலாளர்களுக்கு எந்த இடத்தில் வெயில் காலத்திலும் ஊற்று கசியும், எந்த மலைக்கான் மழை நாளில் நிரம்பி வழியும், எந்த இடத்தில் முன்பு மண் இறங்கியது என்பதெல்லாம் தெரியும். நில அளவையாளரும் பொறியியலாளரும் அவர்களுள் இருவரை அழைத்துக்கொண்டு மழைக்காலத்தில் ஒருநாள் அந்த நிலத்தை நடந்து பார்த்து, அவர்கள் காட்டும் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்வது செலவே இல்லாத ஆய்வு. பழைய தோட்டக் கான்கள் வெறும் பள்ளங்கள் என்று எண்ணி அவற்றை மண்ணிட்டு மூடுவதால், அந்தத் தண்ணீர் புதிய கட்டடத்தின் அத்திவாரத்தை நோக்கித் திரும்புகிறது. இந்த அறிவு ஆய்வறிக்கைகளில் இடம்பெறுவதில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் விடயம்.

சரிவு எவ்வளவு செலவை இழுத்துவரும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். நான்கு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் சரிவில், 20 மீட்டர் அகலமும் 50 மீட்டர் நீளமும் கொண்ட விடுதியை ஒரே மட்டத்தில் அமைக்க நினைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் 5 மீட்டர் உயரத்துக்கு மண்ணை வெட்ட வேண்டும். வெட்டும் மண்ணின் அளவு 2,500 கனமீட்டர். வெட்டிய மண் தளர்ந்து கால்பங்கு பெருகுவதாகக் கொண்டால் 3,125 கனமீட்டர். மூன்று கியூப் (ஒரு கியூப் என்பது 100 கன அடி) கொள்ளும் டிப்பரில் ஏறத்தாழ 370 லோட். அதே விடுதியை 10 மீட்டர் அகலமான இரண்டு படிகளாகப் பிரித்து அமைத்தால், ஒவ்வொரு படியிலும் வெட்டும் உயரம் 2.5 மீட்டராகவும், மொத்த மண் 1,250 கனமீட்டராகவும் குறைந்துவிடும். மண் பாதி, பின்மண்ணைத் தாங்கும் சுவரின் உயரம் பாதி, ஆபத்தோ பாதியிலும் குறைவு. வெட்டிய மண்ணையே முன்பக்கம் நிரப்பிச் சமப்படுத்தினால் டிப்பர் செலவு மிச்சமாகும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கட்டடத்தின் பாதி இறுகிய மண்ணிலும் மறுபாதி நிரப்பிய மண்ணிலும் நின்றால், நிரப்பிய பக்கம் அமிழ்ந்து நடுவில் வெடிப்பு விழும் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும்.

படிகளாகக் கட்டுவதற்கும் விலை உண்டு. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் அமைய வேண்டும், 2.5 மீட்டர் உயர வேறுபாட்டைக் கடக்க, இடையில் நின்று ஓய்வெடுக்கும் தளங்களைச் சேர்க்காமலே, 30 மீட்டர் நீளம் தேவைப்படும். அதற்கான இடத்தை வரைபடம் தொடங்கும் நாளிலேயே ஒதுக்காவிட்டால், மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் மேற்தளத்துக்குப் போகவே முடியாத விடுதி உருவாகிவிடும். பின்னர் அதைத் திருத்துவதற்கு இடமும் இருக்காது, பணமும் இருக்காது.

வெட்டிய சரிவின் மண் சரியாமல் தடுக்கும் தாங்குமதிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான்கு மீட்டர் உயரமான மதிலின் பின்னே தண்ணீர் மேல்விளிம்புவரை தேங்குமானால், மதிலின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 8 தொன் விசையோடு தள்ளும். மண்ணின் தள்ளல் அதற்கு மேலதிகம். அதனால்தான் மதிலில் வரிசையாக நீர்க்கசிவுத் துளைகள் விடப்படுகின்றன. மதிலின் அருகே சென்று ஒரு துளையைக் குனிந்து பாருங்கள். இரண்டு மூன்று அங்குல பி.வி.சி. குழாய் சற்றே வெளிப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். அதன் உள்வாயில் மண்ணைத் தடுக்கும் வடிதுணியும், அதற்குப் பின்னால் கைப்பிடியளவு கருங்கற்களும், அப்பால் சரளையும் இருக்க வேண்டும். கொங்கிரீட் போடும்போது சாந்து உள்ளே வழியாதிருக்கக் குழாயின் வாயில் சீமெந்துப் பையின் கடதாசியைச் சுருட்டி அடைப்பது மேசன்மாரின் வழக்கம். கொங்கிரீட்டைத் தாங்கிய அச்சுப் பலகையைக் கழற்றிய பிறகு அந்தக் கடதாசியை எடுக்க மறந்துவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் துளை துளையாகவே தெரியும், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரும் வராது. ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பின்பக்கம் மண் நிரப்புவதற்கு முன்னர் ஒவ்வொரு துளையையும் இப்படிச் சோதித்துக் கையொப்பமிட வேண்டும். நிரப்பிய பிறகு அதைப் பார்க்கவே முடியாது. மண்ணுக்குள் மறையப்போகும் எந்த வேலையையும் மறைப்பதற்கு முன்னர் சோதித்துப் படமெடுத்துப் பதிவுசெய்வது மேற்பார்வையின் உயிர்நாடி.

மழையின் நாட்காட்டியும் பணத்தின் நாட்காட்டியும்

மலையகத்துக்கு ஒரே மழைக்காலம் கிடையாது. வட்டவளை, கினிகத்தேனை, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொட்டித் தீர்க்கும். வட்டவளையின் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அதே மாதங்களில் மலைமுதுகுக்கு அப்பால் பதுளைப் பக்கம் வறண்டிருக்கும். பதுளைக்குப் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வருகிறது. ஆகவே ஹட்டனில் பயன்பட்ட வேலை அட்டவணையை அப்படியே பதுளைக்குக் கொண்டுபோக முடியாது. மண்வெட்டும் வேலை, அத்திவாரம், தாங்குமதில், பிரதான வடிகான் ஆகிய நான்கும் அந்தந்தப் பக்கத்தின் வறண்ட மாதங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். கூரை ஏறிய பிறகு உள்வேலைகளை மழையிலும் செய்யலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கும்படியும், 100 மில்லிமீட்டரில் எச்சரிக்கையும், 150 மில்லிமீட்டரில் வெளியேறும்படியும் அறிவுறுத்துகிறது. வேலைத்தளத்தில் ஒரு மழைமானியை வைத்து, எந்த அளவில் வெட்டுமுகத்துக்குக் கீழே வேலை நிறுத்தப்படும் என்பதை எழுதி ஒட்டிவிட்டால், அந்தக் காலைநேரத்தில் யாரும் யாருடனும் வாதிட வேண்டியதில்லை.

பணத்துக்கு வேறொரு நாட்காட்டி. அரசாங்கத்தின் மூலதன ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு வருவது; டிசம்பர் 31 க்குள் செலவாகாத தொகை காலாவதியாகிவிடும். இதனால் ஆண்டின் முற்பகுதியில் கோப்புகள் மெதுவாக நகர்ந்து, கடைசி மூன்று மாதங்களில் எல்லாரும் வேலையை விரட்டுவார்கள். பதுளையில் அந்த மூன்று மாதங்கள்தான் பெருமழைக் காலம். பணத்தின் அவசரத்துக்காக மழையில் மண்வெட்டத் தொடங்குவதே மலையகத் திட்டங்களில் நான் மிகவும் அஞ்சும் தவறு. இதற்கு மருந்து, முந்தைய ஆண்டிலேயே வரைபடம், அனுமதிகள், விலைமனு ஆகியவற்றை முடித்துவைத்து, ஒதுக்கீடு கிடைத்தவுடன் வறண்ட காலத்தில் இறங்குவதுதான். ஆண்டிறுதியில் செலவழிக்க வேண்டிய தொகை மிஞ்சினால், கதவு, ஜன்னல், மின்சாதனம் போன்ற ஏற்கெனவே ஒப்பந்தத்தில் உள்ள பொருட்களை வருவித்துப் பாதுகாப்பாகக் களஞ்சியப்படுத்தி அதற்குரிய கொடுப்பனவைச் செய்யலாமா என்று நிதியாளரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்.

விலைமனு கோரும் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை ஒப்பந்தகாரர்களைத் தரப்படுத்திப் பதிவுசெய்கிறது. வேலையின் பெறுமதிக்கேற்ற தரமுடையவர்களிடமிருந்து மட்டுமே விலை கேட்கப்படும். பெறுகைக் குழுவும் விலைமனுக்களை மதிப்பிடும் குழுவும் பரிசீலித்து, நிபந்தனைகளுக்குப் பொருந்தியவற்றுள் மதிப்பிடப்பட்ட விலை குறைந்ததைத் தெரிவு செய்யும். இதில் தொடக்கநிலையினர் கவனிக்க வேண்டியது, செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலையையும் அளவோடு வரிசைப்படுத்தும் வேலை அளவுப் பட்டியல். அதில் இல்லாத வேலை பின்னால் மேலதிக வேலையாக, பேரம் பேசிய விலையில் திரும்பி வரும். வடிகான், நீர்க்கசிவுத் துளை, சரிவில் புல் பதித்தல், வேலைத்தளத்துக்கான தற்காலிகப் பாதை ஆகியவை பட்டியலில் விடுபடுவது வழக்கமாகிவிட்டது. விலையேற்றத்துக்கான சூத்திரமும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும்: 2021 இன் தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் விற்ற 50 கிலோ சீமெந்து மூடை 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியதை எந்த ஒப்பந்தகாரரும் மறந்திருக்க மாட்டார்.

லொறிக்கு வழி என்று சொன்னது வேலைத்தளத்து வாசலோடு முடிவதல்ல. கம்பியும் சீமெந்தும் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து, அதன் பின் ஒடுங்கிய வளைவுகளில் ஏறி வர வேண்டும். பாதையில் மண் விழுந்து ஓரிரு நாள் மூடப்பட்டாலும் வேலை நிற்காத அளவுக்குக் கையிருப்பு தேவை. அந்தக் கையிருப்பை நனையாமல் வைக்கும் களஞ்சியத்துக்கு மட்டமான இடமும் தேவை. தயார்நிலைக் கொங்கிரீட் கலவை வண்டியில் நெடுநேரம் கிடக்க முடியாது என்பதால், தூரமான வளாகங்களில் கலவையை அங்கேயே தயாரிக்க ஏற்பாடு செய்வதே உசிதம்.

குளிரும் கொங்கிரீட்டும்

குளிரில் கொங்கிரீட் மெதுவாகவே பலம் பெறும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில், கொழும்புக் கணக்கில் நாட்களை எண்ணிப் பலகையைக் கழற்றுவது ஆபத்து. ஒவ்வொரு கொங்கிரீட் நாளிலும் 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டிகளை வார்த்து, ஈரமான மேற்பரப்பில் ஆணியால் திகதியையும் தூணின் இலக்கத்தையும் கீறி, நீரில் ஊறவைத்து 7 ஆம் நாளிலும் 28 ஆம் நாளிலும் நசுக்கிச் சோதிப்பார்கள். அந்தக் கட்டிகள் தரநிலையில் குறித்த வெப்பமுள்ள நீரில் ஊறுவதால், குளிரில் நிற்கும் உண்மையான தூணைவிட வேகமாகப் பலம் பெற்றிருக்கக் கூடும். ஆகவே பலகை கழற்றும் நாளை முடிவுசெய்ய, தூணுக்குப் பக்கத்திலேயே அதே குளிரில் வைத்த சில கட்டிகளையும் சோதிப்பது நல்லது.

மாணவர் நடுவே ஒரு வேலைத்தளம்

வளாகம் வேலைக்காக மூடப்படுவதில்லை. விரிவுரைகள் நடக்கும், பரீட்சைகள் நடக்கும், ஆயிரக்கணக்கானோர் நடந்து போவார்கள். பரீட்சை அட்டவணையைத் திட்ட அட்டவணையின் மேல் பொருத்திப் பார்த்து, பாறை உடைத்தல் போன்ற பேரொலி வேலைகளை விடுமுறைக்குத் தள்ள வேண்டும். டிப்பர் ஓடும் பாதையும் மாணவர் நடக்கும் பாதையும் ஓரிடத்திலும் ஒன்றாகக் கூடாது. மலைப்பாதையில் இறங்கிவரும் பாரவண்டிக்குத் தடுப்பு பிடிக்காத ஒரு கணம் போதும். புதிய தொகுதிக்காகத் தோண்டும்போது பழைய நீர்க்குழாய் உடைந்து விடுதிகளில் தண்ணீர் நிற்பதும் அடிக்கடி நிகழ்வது. பழைய வரைபடங்கள் கிடைக்காவிட்டால், முதலில் கையால் சோதனைக் குழி தோண்டிப் பார்த்த பின்னரே இயந்திரத்தை இறக்க வேண்டும்.

வேலை செய்பவர்களின் உயிரைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மண்வெட்டும் வேலைக்கு வருபவர்களுள் அநேகர் பக்கத்துத் தோட்டங்களின் இளைஞர்கள்; நாட்சம்பளத்துக்கு வருபவர்கள். ஆள் உயரத்துக்கு மேல் நெட்டுக்குத்தாக வெட்டிய மண்சுவரின் அடியில் நின்று மதிலுக்கு அத்திவாரம் தோண்டும்போது மண் சரிந்து இறந்தவர்களின் செய்திகளை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். சுவரைச் சாய்வாக வெட்டுவது, சிறு சிறு நீளங்களாகப் பிரித்து ஒரு துண்டுக்கு மதில் கட்டிய பிறகே அடுத்த துண்டை வெட்டுவது, வெட்டிய மண்ணை விளிம்பில் குவிக்காதிருப்பது, மழை பெய்த மறுநாள் காலையில் பொறியியலாளர் பார்த்து அனுமதித்த பின்னரே இறங்குவது ஆகியவை எல்லாருக்கும் தெரிந்த வழிகள். அவற்றுக்கான செலவை விலைப்பட்டியலில் தனி வரியாகப் போட வேண்டும். தனி வரி இல்லாத பாதுகாப்பு, விலைப் போட்டியில் முதலில் வெட்டுப்படும்.

ஒப்படைப்பு

திறப்பு விழாவோடு திட்டம் முடிவதில்லை. வேலை முடிந்ததாகச் சான்றளித்த நாளிலிருந்து, ஒப்பந்தகாரர் தம் வேலையின் குறைகளைத் திருத்தித் தர வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஓடத் தொடங்கும், பெரும்பாலும் ஓராண்டு. அதுவரை ஒப்பந்தகாரரின் பணத்தில் ஒரு பகுதி தடுத்து வைக்கப்படும். அந்த ஓராண்டுக்குள் அந்தப் பக்கத்தின் பெருமழைக் காலம் ஒன்று முழுமையாக வந்துபோகும். அந்த மழையின்போதே குடையுடன் போய்ப் பார்க்க வேண்டும்: கான்களில் தண்ணீர் எந்த இடத்தில் துள்ளி வெளியேறுகிறது, மதிலின் எந்தத் துளை வறண்டு கிடக்கிறது, மேற்சரிவில் புதிய வெடிப்பு தென்படுகிறதா என்று. சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதிவையுங்கள். அடுத்த மாதம் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் நகர்கிறது என்று பொருள்.

தடுத்து வைத்த பணத்தை விடுவிக்கும் முன்னர், கட்டி முடித்த நிலையில் உள்ளபடியே வரையப்பட்ட வரைபடங்களின் முழுத்தொகுதி வேலைப்பகுதிக்கு வந்துசேர வேண்டும். நிலத்தடிக் குழாய்களும் கான்களும் அதில் அளவோடு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பராமரிப்புக் குறிப்பேடு, வேலை செய்யப்போகும் ஊழியர் வாசிக்கும் மொழியில், தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். கான்களையும் துளைகளையும் ஆண்டுக்கு இரு தடவை, மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய மாதத்தில் ஒரு தடவையும் முடிந்த பிறகு ஒரு தடவையும், துப்புரவு செய்வதற்கான தொகையைப் பல்கலைக்கழகத்தின் வருடாந்த வரவுசெலவில் புதிய கட்டடத்தின் பெயரிலேயே சேர்க்கச் சொல்லி நிதியாளருக்கு எழுதும் கடிதமே திட்ட முகாமையாளர் கையொப்பமிடும் கடைசி ஆவணமாக இருக்க வேண்டும்.